முந்நூறு ரூபாயில் திபெத்தா, நாகாவா, காபூலா?

என் அக்கா மகள் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் முதுகலை சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் விடுதிச் சாப்பாட்டின் மீது குற்றப்பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். திங்கள் ராஜ்மா, செவ்வாய் கடி, புதன் மறுபடியும் ராஜ்மா. கடி என்பது நம் மோர்க்குழம்புக்குத் தூரத்து உறவு. கடலைமாவு அதிகம், உற்சாகம் குறைவு. தூத்துக்குடியில் மீன்குழம்போடு வளர்ந்த பெண் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? "சித்தி, ஞாயிற்றுக்கிழமை இரவு விடுதியில் சமையல் கிடையாது. கையில் முந்நூறு ரூபாய் இருக்கிறது. நாக்குக்கு உயிர் வரும்படி எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்டாள்.

நம்மூர் உணவகங்களை நான் சொல்லவில்லை. கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு தோசையும் காபியும் முடித்து எழுந்தால் முந்நூறில் பெரும்பகுதி போய்விடும். வயிறு பாதிகூட நிறையாது. அசோகா சாலையில் ஆந்திர பவன் சாப்பாடு இருக்கிறது, கேட்கக் கேட்கப் போடுவார்கள். ஆனால் அது தில்லிக்கு வந்த ஒவ்வொரு தமிழரும் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடும் இரகசியம். நான் அவளிடம் சொன்னவை மூன்று பேட்டைகள்: வடக்கே திபெத்தியரின் மஜ்னு கா டீலா, தெற்கே வடகிழக்கு மாநிலத்தவர் நிறைந்த ஹுமாயூன்பூர், கொஞ்சம் தள்ளி ஆப்கானியரின் லாஜ்பத் நகர். இருபது ஆண்டுகளாக இந்த மூன்றிலும் மாறி மாறிச் சாப்பிட்டு வருகிறேன். எது மலிவு, எது ருசி என்று பலரும் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை பேர் போகிறீர்கள்?

தனியாகப் போவதென்றால் யோசிக்கவே வேண்டாம், மஜ்னு கா டீலா.

அவளுக்கு அது பக்கம்கூட. விஸ்வவித்யாலயா நிலையத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தமே விதான் சபா. 2025 ஆகஸ்டில் கட்டணம் உயர்ந்த பிறகும் குறைந்தபட்ச மெட்ரோ டிக்கெட் 11 ரூபாய்தான். நிலைய வாசலில் பேட்டரி ரிக்‌ஷாக்காரர்கள் "டீலா, டீலா" என்று கூவிக்கொண்டிருப்பார்கள். நான்கு பேராகப் பங்கிட்டு ஏறிக்கொள்ளலாம். யமுனைக் கரையோரம், வெளிவட்டச் சாலையை ஒட்டி, வாகனம் நுழைய முடியாத சந்துகளாகக் கிடக்கிறது அந்தக் குடியிருப்பு. அரசாங்கக் காகிதத்தில் அதற்குப் புது அருணா நகர் என்று பெயர். 1959இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்ததைத் தொடர்ந்து வெளியேறிய திபெத்தியக் குடும்பங்கள் அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே குடியேறின. மஜ்னு கா டீலா என்ற பெயர் அவர்களுக்கு மிக முந்தையது. குரு நானக்கைச் சந்தித்த, மஜ்னு என்று அழைக்கப்பட்ட ஒரு சூஃபியின் மேடு என்று பொருள். பக்கத்தில் குருத்வாரா இருக்கிறது. கையில் காசே இல்லாத நாளில் அங்கே லங்கர் எனும் இலவசப் பந்தியில் உட்கார்ந்துவிடலாம் என்பதையும் அவளிடம் சொல்லி வைத்தேன்.

இங்கே முதலில் சாப்பிட வேண்டியது லாஃபிங். சந்தில் ஒரு ஸ்டூல் போட்டு, முன்னால் ஒரு சிறு மேசையில் கிண்ணங்களை அடுக்கி, பெரும்பாலும் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பார். பாசிப்பயறு மாவுச்சத்தைக் காய்ச்சி உறையவைத்த வழவழப்பான தகடு அது. அது வெள்ளை வகை; மஞ்சள் வகை பெரும்பாலும் கோதுமை மாவில் செய்வது. பூண்டுத்தண்ணீர், சோயா சாஸ், மிளகாய் எண்ணெய் ஊற்றிச் சுருட்டி வெட்டித் தருவார்கள். முதல் துண்டு வாயில் வழுக்கும்போது எனக்கு நுங்கு நினைவுக்கு வந்தது. காரமும் பூண்டும் ஏறிய குளிர்ந்த நுங்கு. ஐம்பது, அறுபது ரூபாய்க்கு மேல் நான் கொடுத்ததில்லை. சைவக்காரர்களுக்கும் பெரும்பாலும் ஒத்துவரும். இருந்தாலும் மேலே என்ன தூவுகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தெந்துக். துக்பா எல்லாருக்கும் தெரியும், நூடுல்ஸ் போட்ட சாறு. தெந்துக் அதன் கைவேலை வடிவம்: பிசைந்த மாவைக் கையால் இழுத்துக் கிள்ளிக் கொதிக்கும் சாற்றில் போடுவது. 'தென்' என்றால் இழுப்பது. தட்டையான அந்த மாவுத்துண்டுகளைப் பார்த்தால் பால் கொழுக்கட்டை காரமாக வேடம் போட்டுக்கொண்டு வந்ததுபோல இருக்கும். டிசம்பர் குளிரில் ஒரு கிண்ணம் குடித்தால் கம்பளிச் சட்டையைக் கழற்றத் தோன்றும். நூற்றைம்பதிலிருந்து இருநூறுக்குள், ஒரு கிண்ணம், ஒரு ஆளுக்கு முழுச் சாப்பாடு. அதுதான் இந்தப் பேட்டையின் பலம். திபெத்தியச் சமையல் கிண்ணத்தை அலகாகக் கொண்டது. லாஃபிங், தெந்துக், ஒரு தேநீர் என்று முடித்தாலும் முந்நூறைத் தாண்டாது.

தேநீர் என்றதும் ஒரு எச்சரிக்கை. வெண்ணெய்த் தேநீர் என்று பட்டியலில் இருப்பதை டீ என்று நினைத்துக் கேட்காதீர்கள். உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்தது அது. ரசம் என்று நினைத்துக்கொண்டு குடித்தால் பிடிக்கும். டீ என்று நினைத்துக் குடித்தால் முகம் கோணும். என் தோழி ஒருத்தி அதில் சர்க்கரை கேட்டாள். பரிமாறிய பையனின் முகத்தில் தெரிந்த துக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

டோல்மா ஹவுஸ் போன்ற பழைய உணவகங்கள் இன்னும் இருக்கின்றன. காலையிலேயே வரிசை நிற்கும் ஆமா கஃபேயும் இருக்கிறது. அங்கே பான்கேக், கேக், காபி என்று வேறு உலகம், வேறு கணக்கு. அண்மை ஆண்டுகளில் மாடிக்கு மாடி கொரிய உணவகங்களும் வந்துவிட்டன. கொரியத் தொடர் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள் ராமென் கிண்ணத்தோடு படம் எடுத்துக்கொள்ளப் போகும் இடங்கள் அவை. எனக்கு அதில் புகார் இல்லை. ஆனால் முந்நூறு ரூபாய்க்காரருக்கு அங்கே வேலை இல்லை. நான் கடையைத் தேர்ந்தெடுப்பது ஒரு எளிய வழியில்: உள்ளே ஜபமாலை உருட்டும் கிழவர் யாராவது உட்கார்ந்திருந்தால் நானும் உட்கார்ந்துவிடுவேன். தன் ஆட்களுக்காகச் சமைக்கும் கடையில் விலையும் அவர்கள் பைக்கு ஏற்றதாகத்தான் இருக்கும்.

கூட்டமாகப் போனால் மஜ்னு கா டீலா அவ்வளவு வசதி இல்லை. மேசைகள் சிறியவை, கிண்ணங்களைப் பங்கிட முடியாது, நான்கு பேரும் நான்கு சாறு சொல்லிவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். மோமோ எனும் ஆவிக் கொழுக்கட்டையை மட்டும் பங்கிடலாம், எட்டோ பத்தோ இருக்கும். பட்டியலில் 'பஃப்' என்றிருப்பது எருமை இறைச்சி. தில்லியில் பசு இறைச்சி சட்டப்படி கிடையாது என்பதால் அந்த ஐயம் யாருக்கும் வேண்டாம். அங்கே மோமோவில் ருசி பஃப்பில்தான். கோழி மோமோ கேட்பவர்கள் அதைத் தெருமுனை வண்டியிலேயே தின்றுவிட்டுப் போகலாம்.

இருவராகப் போனால் ஹுமாயூன்பூர். இதைப்பற்றி நான் கொஞ்சம் நிதானம் இழந்து எழுதுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சஃப்தர்ஜங் என்கிளேவின் நடுவே நகரம் விழுங்கிச் செரிக்க முடியாமல் விட்ட ஒரு பழைய கிராமம் அது. லால் டோரா எனப்படும் கிராம எல்லைக்குள் கட்டட விதிகள் தளர்வாக இருந்ததால் நான்கைந்து மாடிகள் ஒன்றின்மேல் ஒன்றாக முளைத்தன. வாடகை சுற்றுவட்டாரத்தைவிடக் குறைவாக இருந்தது. நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், அசாம், அருணாசலம் என்று படிக்கவும் வேலை பார்க்கவும் வந்த இளைஞர்கள் அங்கே குடியேறினார்கள். அவர்களுக்கு வேண்டிய அரிசியும் உலர்மீனும் மூங்கில் குருத்தும் விற்கக் கடைகள் வந்தன. பிறகு உணவகங்கள். திபெத்திய, ஆப்கானியப் பேட்டைகளோடு இதையும் சேர்த்துச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இது நம் நாட்டுச் சாப்பாடு. அதைச் சமைப்பவர்களைப் பார்த்து "சைனீஸா?" என்று கேட்கும் ஆட்கள் இந்த ஊரில் இன்றும் இருக்கிறார்கள். நம்மை மொத்தமாக மதராசி என்று சொல்பவர்களும் பெரும்பாலும் அவர்களேதான்.

2007இல் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்குப் பாதுகாப்புக் குறிப்புகள் என்று ஒரு கையேடு வெளியிட்டது. அதில் மூங்கில் குருத்து, அகுனி எனும் புளித்த சோயா போன்ற மணமுள்ளவற்றை அக்கம்பக்கத்தில் சச்சரவு எழாதபடி சமைக்கும்படி ஒரு புத்திமதி. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு முனிர்காவில் வாடகைக்கு இருந்தபோது அம்மா அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை ஒரு மழைநாளில் வறுத்தேன். பத்தே நிமிடத்தில் வீட்டுக்காரர் மாடியேறி வந்து, கழிவுநீர்க் குழாய் எங்கேயோ உடைந்திருக்கிறது, பார்த்தாயா என்று கேட்டார். நான் அவரோடு சேர்ந்து குழாயைத் தேடினேன்.

ஆகவே அகுனி எனக்கு அந்நியமாகப் படவில்லை. சோயாப் பயற்றை வேகவைத்து, இலையில் பொதிந்து, அடுப்படிச் சூட்டில் புளிக்கவைப்பது அது. மணம் முதலில் மூக்கைக் குத்தும். பன்றி இறைச்சியோடு வெந்து சோற்றில் இறங்கியதும், கருவாட்டுக் குழம்பில் இருக்கிற ஆழம் அதே இடத்தில் வந்து நிற்கும். மணிப்பூரின் ஏரோம்பா இன்னும் பக்கம்: வெந்த காய்கறியையும் மிளகாயையும் ஙாரி எனும் புளித்த மீனோடு சேர்த்து மசிப்பது. கருவாடு போட்ட மசியல் என்று சொல்லிவிட்டால் தூத்துக்குடிக்காரிக்கு வேறு விளக்கம் தேவையில்லை. நாகாக்களின் கல்ஹோ நம் குழைந்த கஞ்சி; கீரையும் இறைச்சித் துணுக்கும் சேர்த்தது. காய்ச்சலில் கிடக்கும்போது இதை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் மறுபேச்சில்லாமல் குடித்துவிடுவேன். மணிப்பூரின் கறுப்பரிசியான சாக்-ஹாவில் செய்த பாயசம் கிடைத்தால் விடாதீர்கள். செட்டிநாட்டுக் கவுனி அரிசியைத் தின்று வளர்ந்தவர்கள் ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒருவர் நம் பாட்டியின் கைப்பக்குவத்தை எப்படிக் கற்றார் என்று தோன்றும்.

மிளகாய் விஷயத்தில் மட்டும் தமிழர் திமிரை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ராஜா மிர்ச்சா எனும் நாகா மிளகாயும் அசாமின் பூத் ஜொலோக்கியாவும் ஒரே குடும்பம். 2007இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் பதிவுசெய்தது அதைத்தான். "எங்கள் ஊரில் இதெல்லாம் சாதாரணம்" என்று சொல்லி ஒரு கரண்டிச் சட்னியை நான் சோற்றில் பிசைந்தேன். அதன் பிறகு கால்மணி நேரம் நடந்தது என்னவென்று என்னோடு வந்தவர்தான் சொல்ல வேண்டும். எனக்குக் காதும் அடைத்துவிட்டது.

விலைக்கு வருவோம். ஹார்ன்பில் போன்ற நாகா உணவகங்களில் தாலி முந்நூறிலிருந்து நானூறுக்குள் நிற்கும்: சோறு, ஒரு இறைச்சி, வெந்த கீரை, பருப்பு, சட்னி. தனியாளுக்கு மஜ்னு கா டீலாவைவிட நூறு ரூபாயாவது கூடும். வடக்கு வளாகத்திலிருந்து கிரீன் பார்க் வரை மெட்ரோவில் ஒரு பக்கத்துக்கு முப்பது, நாற்பது ரூபாய். வண்டி மாற வேண்டாம், மஞ்சள் தடமே கொண்டுபோய்விடும், ஆனாலும் காசு காசுதான். இருவராகப் போய் ஒரு தாலியும், தனியாக ஒரு தட்டு ஏரோம்பாவோ, மணிப்பூரின் பச்சைக் காய்கறிக் கலவையான சிங்ஜுவோ, இன்னொரு தட்டுச் சோறும் வாங்கிப் பங்கிட்டால் ஆளுக்கு இருநூற்றைம்பதுக்குள் முடிகிறது. சோறுதான் வயிற்றை நிரப்பும் ஊர் அது, நம் ஊரைப் போலவே. சுத்த சைவர்களை மட்டும் நான் அங்கே அழைத்துப்போவதில்லை. பருப்பும் கீரையும் கிடைக்கும். ஆனால் சட்னியில்கூட மீன் ஒளிந்திருக்கும். கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவது பரிமாறுபவருக்கும் பாடு, நமக்கும் பாடு.

மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் லாஜ்பத் நகர். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல்முறை தனியாகப் போய் ஒரு காபூலி புலாவ் சொன்னேன். வந்த தட்டைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்குப் போக வேண்டியது என்னிடம் வந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். நீள அரிசி மலைபோல, மேலே சீவிய கேரட்டும் உலர்திராட்சையும், உள்ளே புதைந்த ஆட்டுக்கறி. அன்று விலை நானூறுக்குப் பக்கம். பாதியைக் கட்டிக்கொண்டு வந்தேன். தனியாளுக்கு அது ஊதாரித்தனம். மூவருக்கு அதே தட்டோடு இரண்டு நான் ரொட்டியும் ஒரு தயிரும் சேர்ந்தால் ஆளுக்கு இருநூறுக்குள். ஆப்கானியச் சமையலுக்கு அலகு தஸ்தர்கான், அதாவது தரையில் விரிக்கும் சாப்பாட்டு விரிப்பு. சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் அளவு போடுகிறார்கள்.

லாஜ்பத் நகரே அகதிகள் கட்டிய ஊர். 1947 பிரிவினையில் வந்த பஞ்சாபியருக்காக உருவானது. பின்னாளில் ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படையெடுப்பு, உள்நாட்டுப் போர், தலிபான் ஆட்சி என்று ஒவ்வொரு இடியின் பின்னும் ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. தில்லி மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்கு வந்தவர்களும் இங்கேதான் அறை எடுத்தார்கள். அதனால் மருந்துக்கடைப் பலகைகளில்கூடப் பாரசீக எழுத்து. நான் ரொட்டிக் கடைகளில் ஒரு முழத்துக்கு மேல் நீளமான ரொட்டிகளைச் சூடாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்று இருபது ரூபாய் அளவில்; வாங்கித் தெருவிலேயே கிள்ளித் தின்றுகொண்டு நடக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

ருசியில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிரியாணி எதிர்பார்த்துப் போகிற தமிழருக்குக் காபூலி புலாவ் ஏமாற்றம். மிளகாய் இல்லை, மசாலா ஏலக்காயையும் சீரகத்தையும் தாண்டிப் பெரிதாகப் போவதில்லை, நடுவே திராட்சை இனிக்கிறது. கல்யாண வீட்டுக் குஸ்காவில் யாரோ கேசரியைக் கொட்டிவிட்டதுபோல முதலில் படும். இரண்டாம் முறைதான் அந்த அரிசியில் ஏறியிருக்கும் ஆட்டுச்சாறு நாக்குக்குத் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது மந்து: இறைச்சி வைத்து ஆவியில் வெந்த கொழுக்கட்டை, மேலே பூண்டுத்தயிரும் பருப்பும் உலர்ந்த புதினாவும். மோமோவின் அண்ணன் என்று சொல்லலாம். வயதும் நிதானமும் அதிகம்.

சைவர்களுக்கு மூன்று பேட்டைகளிலும் மரியாதையான விருந்து இங்கேதான் கிடைக்கிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். போரானி பஞ்ஜான் என்று கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கித் தயிர் போர்த்தித் தருகிறார்கள். உருளைக்கிழங்கோ கீரையோ வைத்துத் தட்டிச் சுட்ட போலானி இருக்கிறது. சூடான நானோடு இவை இரண்டும் போதும். இன்னொரு வசதி, ஆப்கானிய உணவகங்களில் பன்றி இறைச்சி கிடையாது, எல்லாம் ஹலால். கலவையான நண்பர் கூட்டத்தை ஒரே மேசையில் உட்காரவைக்க இது எவ்வளவு உதவும் என்பது விடுதி வாழ்க்கை வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். கடைவீதிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. துணிமணி வாங்கும் எண்ணமும் இருந்தால் அன்று தவிர்க்கலாம். சாப்பாடு மட்டும்தான் நோக்கம் என்றால் அன்றைக்குத்தான் நடக்க வழி கிடைக்கும்.

முதல் ஞாயிறு அவள் தனியாக மஜ்னு கா டீலா போனாள். லாஃபிங் இரண்டு வகையும், ஒரு தெந்துக்கும், மொத்தம் இருநூற்று எழுபது ரூபாய் என்று கணக்கு அனுப்பினாள். மீதி முப்பதில் நாளைக்கு டீ. அடுத்த வாரம் அறைத்தோழியோடு ஹுமாயூன்பூர். அந்தத் தோழி நாகாலாந்தின் கோஹிமாக்காரி என்பதால் என் ஆலோசனை எதுவும் தேவைப்படவில்லை. கூடவே அரைக்கிலோ அகுனி வாங்கி வந்து விடுதி அறையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. கண்காணிப்பாளர் எப்போது குழாயைத் தேடி வருவார் என்று காத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு ஐந்து பேராம். இருவர் சைவம், ஒருவன் கோழிக்கோட்டுப் பையன், ஹலால் பார்ப்பவன், அப்புறம் இவர்கள் இருவர். என்னையும் சேர்த்தால் ஆறு. காஷ்மீரி கேட்டில் ஊதாத் தடத்துக்கு மாறி நேரே லாஜ்பத் நகரில் இறங்கச் சொல்லியிருக்கிறேன். மாலை ஏழு மணிக்கு நிலைய வாசலில் நிற்பேன். புலாவ் இரண்டு தட்டுக்கு மேல் யாரும் வாய்திறந்து கேட்கக் கூடாது என்பது நிபந்தனை.